மண் குதிரையை நம்பலாம்



நம்ம ஊர் ஐயனார் கோயில் திருப்பணிக்குக் குரூப்பில் வசூல் நடக்கிறது. காட்டை வெட்டி, தரையில் டைல்ஸ் ஒட்டி, உடைந்த மண் குதிரைகளை அள்ளிப் போட்டுவிட்டு, சிமெண்டில் இரண்டு குதிரை நிறுத்தி எனாமல் பெயிண்ட் அடிக்கப் போகிறார்களாம். "நூறு வருஷம் நிக்கும் சார்" என்கிறார்கள். நிற்கும். என் புகாரே அதுதான்.

புரவி எடுப்பை நினைத்துப் பாருங்கள். ஊர் கூடி வேளாருக்குப் பிடிமண் கொடுக்கும். அவர் கண்மாய் மண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து, கால், உடம்பு, கழுத்து என்று வனைந்து, வைக்கோலும் விறாட்டியும் போட்டுச் சுடுவார். ஊரே தூக்கி வந்து காட்டில் நிறுத்தும். அதோடு சரி, யாரும் பழுது பார்ப்பதில்லை. மழை அரிக்கும், வீரை மரத்து வேர் வயிற்றைப் பிளக்கும், சருகு மூடும். அடுத்த புரவி பக்கத்தில் வந்து நிற்கும். சிமெண்ட் குதிரை வந்துவிட்டால் வேளாருக்கு மறுபடி பிடிமண் எதற்கு? "இப்ப யார் சார் மண் குதிரை செய்றா?" என்று கேட்கிறவர்தான் சிமெண்டுக்கு ரசீது போடுகிறார்!

(மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று எனக்கே பழமொழி சொல்ல வேண்டாம். அது குதிரை இல்லை, 'குதிர்', ஆற்று மணல்மேடு என்று சொல்பவர்களும் உண்டு.)

இதே குரூப்பில் போன மாதம் ஒரு மாணவி இத்தாலியின் ஆர்ட்டே செல்லா படங்களைப் போட்டாள். 1986 முதல் அங்கே கிளை, இலை, கல் கொண்டு சிற்பம் செய்து காட்டிடமே விட்டுவிடுகிறார்கள். ஜூலியானோ மௌரி என்பவர் 2001இல் கிளைகளைப் பின்னி 80 தூண் எழுப்பி, உள்ளே மரக்கன்று நட்டார். பின்னல் மட்கிப் போகும், மரமே தூணாகும். அதற்கு எத்தனை 'சூப்பர்', எத்தனை கைதட்டல்! வேளார் செய்தால் மட்டும் குப்பையா?

டைல்ஸ் போட்ட தரையில் சருகு தங்காது, விதை முளைக்காது. வீரையும் உலக்கைப் பாலையும் ஆமை வேகத்தில் வளர்கிறவை. வெட்டிவிட்டால் உங்கள் பேரன் காலத்திலும் அந்த நிழல் வராது. வெட்டியே தீர வேண்டுமென்றால் ஓரத்தில் நுழைந்திருக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டுங்கள்.

அந்த வேலைக்கும், மண் குதிரை ஒன்றுக்கும் என் பணம் உண்டு. வேளாரிடம் நானே வந்து பேசுகிறேன். டைல்ஸுக்கு என்று யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம்.