பன்றி எடை கூட டானிக் மட்டும் போதுமா?

வெண்பன்றிக் குட்டிகள் எடை ஏறவில்லை என்றதும் பலரும் முதலில் வாங்குவது வைட்டமின் டானிக். இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பது என் கருத்து. பன்றிக்கு வைட்டமின் கட்டாயம் தேவை. ஆனால், அது தீவனத்தில் நாள்தோறும் சிறிதளவு சேர வேண்டிய சத்து. சுணங்கிய குட்டியை ஒரே வாரத்தில் தேற்றும் மருந்தாக நினைத்து வாங்கினால் பணம்தான் வீணாகும்.

உடல் வளர எரிசக்தியும் புரதமும் வேண்டும். அவற்றை உடல் பயன்படுத்திக்கொள்ள வைட்டமின்கள் துணை நிற்கின்றன. வைட்டமின் குறை உள்ள பன்றிக்கு அதைக் கொடுத்தால் வளர்ச்சி தெளிவாகத் தெரியும். தேவை நிறைந்த பிறகு எவ்வளவு ஊற்றினாலும் எடை கூடாது. ஓட்டல் சோறும் தவிடும் மட்டுமே தின்னும் பன்றிக்கு லைசின் என்ற அமினோ அமிலம் பற்றாது. அதைச் சோயாப் புண்ணாக்கும் மீன்தூளும் ஈடுகட்டும், டானிக் ஈடுகட்டாது.

எனவே, உங்கள் தீவனத்தில் எது குறைகிறது என்று முதலில் பாருங்கள். மஞ்சள் மக்காச்சோளத்தில் ‘ஏ’ வைட்டமினாக மாறும் கரோட்டின் உண்டு. அரிசிக் குருணையில் அது இல்லை. மக்காச்சோளத்தில் உள்ள நியாசினில் பெரும்பகுதி பன்றிக்குப் பயன்படாத வடிவில் இருக்கிறது. தானியத்திலும் புண்ணாக்கிலும் பி12 கிடையாது. வெயில் படாத கொட்டிலில் வளர்த்தால் ‘டி’ வைட்டமினையும் தீவனம்தான் தர வேண்டும். ‘சி’ வைட்டமினைப் பன்றியின் உடலே தயாரித்துக்கொள்ளும். அதற்குத் தனிச் செலவு பொதுவாகத் தேவையில்லை.

மீன் கழிவு கொடுப்பவர்கள் கவனிக்க: பல வகைப் பச்சை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உள்ளது. வேகவைத்தால் அது செயலிழக்கும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020 முதல் நம் நாட்டில் இருப்பதால், ஓட்டல் கழிவையும் நன்றாகக் கொதிக்க வைக்காமல் கொடுக்கவே கூடாது.

அளவைப் பாருங்கள். 25 முதல் 50 கிலோ எடையுள்ள பன்றிக்கு ஒரு கிலோ தீவனத்தில் ‘ஏ’ வைட்டமின் 1,300 அலகு இருந்தால் போதும் என்பது அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் வெளியிட்ட பரிந்துரை. 100 கிலோ தீவனத்துக்கு 1,30,000 அலகு. நீங்கள் வாங்கும் தூளின் ஒரு கிராமில் 82,500 அலகு இருந்தால், இரண்டு கிராம்கூடத் தேவைப்படாது. சேமிப்பில் ஏற்படும் இழப்பை ஈடுகட்டச் சற்றுக் கூட்டலாம். கைக்கு வந்தபடி அள்ளிப் போடக் கூடாது. ‘ஏ’, ‘டி’ இரண்டும் உடலில் தேங்குபவை. ‘டி’ மிகுந்தால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களிலும் சுண்ணாம்புச் சத்து படியும்.

லேபிளையும் படியுங்கள். கோழிக்கென விற்கும் சில தூள்களில் ஏ, பி2, டி3, கே மட்டுமே இருக்கும். நியாசின், பான்டோதெனிக் அமிலம், பி12, ‘இ’ ஆகியவையும் உள்ள கலவையே பன்றிக்கு ஏற்றது. தாது உப்புடன் கலந்து மாதக்கணக்கில் வைத்தால் வைட்டமின் வீரியம் இழக்கும். வெப்பமும் ஈரமும் அதை இன்னும் விரைவாக்கும். இரண்டையும் தனித்தனியே, நிழலான உலர்ந்த இடத்தில் வைத்து, தீவனம் அரைக்கும்போது சேருங்கள். சில கிராம் தூளை நேரடியாக மூட்டையில் கொட்டாமல், முதலில் ஒரு கிலோ மாவில் கலந்து, பிறகு மொத்தத்தில் கலந்தால்தான் எல்லாக் குட்டிகளுக்கும் சமமாகப் போய்ச் சேரும்.

சிக்கனம் செய்யக் கூடாத இடங்கள் இரண்டு: தாயிடமிருந்து பிரித்த குட்டிகள், சினைப் பன்றிகள். குட்டிப் பருவத்தில் விட்ட வளர்ச்சியைப் பின்னால் பிடிப்பது கடினம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். டானிக் பெயரை எழுதித் தருவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன தீவனம், எத்தனை கிலோ? குடற்புழு நீக்கம் செய்து எவ்வளவு நாளாயிற்று? சென்ற மாத எடை என்ன? பல பண்ணைகளில் மூன்றாவது கேள்விக்குப் பதிலே இருக்காது. எடை பார்க்காத பண்ணையில் எந்தச் சத்து வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த பாட்டிலுக்கு வைத்திருக்கும் பணத்தை ஒரு தராசுக்கு ஒதுக்குங்கள். தீவனச் செலவில் எது லாபம், எது நட்டம் என்பதை அது மாதாமாதம் காட்டிக்கொடுக்கும்.