சாக்கோடு நிறுத்த வாட் கணக்கு

மளிகைக் கடையும் மண்டியும் நடத்துகிற நமக்குக் கணிப்பொறியின் உள்ளே இருக்கும் ஒரு பெட்டியைப் பற்றி என்ன கவலை என்று சில அன்பர்கள் கேட்கலாம். கவலை இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது விளையாட்டுக்கான கணிப்பொறியை ஆயத்தமாக வாங்குவதில்லை. உதிரி பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்கிறார்கள். அரை லட்சத்தைத் தாண்டும் அந்தப் பணம் நம் கல்லாவிலிருந்துதான் போகிறது. போதாக்குறைக்கு, இரவில் பிள்ளை விளையாடும் அதே கணிப்பொறியில்தான் பல வீடுகளில் பகலில் கடைக் கணக்கும் ஜி.எஸ்.டி. விவரமும் ஏறுகின்றன.

பிள்ளை கொண்டுவரும் பட்டியலைப் பாருங்கள். ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு என்று பெரிய தொகைகள் மேலே இருக்கும். கடைசி வரியில் எஸ்.எம்.பி.எஸ். என்று ஒன்று இருக்கும். பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டப்படுவது அந்த வரிதான். வெட்டக்கூடாத வரியும் அதுதான் என்பது என் கருத்து.

எஸ்.எம்.பி.எஸ். என்பது மின்வழங்கிப் பெட்டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி, எல்லாப் பாகங்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. கிராபிக்ஸ் கார்டு கெட்டால் கெடுவது கார்டு மட்டும்தான். இந்தப் பெட்டி மோசமாகக் கெட்டால், அளவுக்கு மீறிய மின்னழுத்தம் பாய்ந்து மதர்போர்டையும் கார்டையும் கணக்கு இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துக்கொண்டு போய்விடக்கூடும்.

இதில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய தந்திரம் நடக்கிறது. மூட்டையைச் சாக்கோடு நிறுத்துச் சரக்கு எடை என்று சொல்வதைப் போன்றது அது. பெட்டியின் மேல் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். நிகர எடை அங்கேதான் இருக்கிறது.

அந்த அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12 ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட்தான். 450 என்று விற்கும் பெட்டியில் இப்படி இருந்தால் மீதி எங்கே? 5 வோல்ட், 3.3 வோல்ட் கட்டங்களைக் கூட்டியும், நொடிப்பொழுது மட்டும் தாங்கும் உச்ச அளவை எழுதியும் வந்த கணக்கு அது. பழைய கணிப்பொறிகளுக்கு 5 வோல்ட் முக்கியமாக இருந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பென்டியம் 4 வந்ததிலிருந்து ப்ராசஸரின் சுமை 12 வோல்ட்டுக்கு மாறியது. கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அதிலிருந்துதான் எடுக்கிறது. ஆகவே இன்றைக்கு 12 வோல்ட் கட்டம்தான் சரக்கு, மற்றதெல்லாம் சாக்கு. நாணயமான 550 வாட் பெட்டியில் 12 வோல்ட்டின் கீழ் 45 ஆம்பியர் இருக்கும். பெருக்கினால் 540 வரும்.

எவ்வளவு தேவை என்பதையும் நாமே கணக்குப் போடலாம். இன்டெல் ஐ5-12400எஃப் ப்ராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை எடுக்கும். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட். மதர்போர்டு, மெமரி, டிஸ்க், காற்றாடிகளுக்கு 60 வாட் வையுங்கள். மொத்தம் 292. அப்படியானால் 300 வாட் பெட்டி போதாதா என்றால், போதாது. கிராபிக்ஸ் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் தம் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். இதை உத்தேசித்தே 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை, மிகச் சிறு நேரத்துக்கு இரட்டிப்புச் சுமையையும் பெட்டி தாங்க வேண்டும் என்று சொன்னது. நம் ஊர்ச் சித்திரை வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தரமான பெட்டிகள் 40 அல்லது 50 டிகிரி வெப்பத்திலும் முழு வாட் தரும் என்று உறுதி கூறுகின்றன. மட்டமானவை 25 டிகிரிக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. இந்த 4060 கார்டுக்கு அதன் தயாரிப்பாளரான என்விடியா சொல்லும் அளவு 550 வாட். அதுவே நியாயமான அளவு.

அதற்காக 850, 1000 வாட் பெட்டியைத் தலையில் கட்டினாலும் வாங்க வேண்டாம். பத்து மூட்டை ஏற்ற லாரி பிடிப்பவர் யார்? மட்டமான 850-ஐவிட நல்ல 550 எவ்வளவோ மேல்.

'80 பிளஸ்' முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004-இல் தொடங்கிய இந்தத் திட்டம், சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதை அளக்கிறது. அடிப்படை முத்திரைக்கு 80 சதவீதம் போய்ச் சேர வேண்டும். மேலே வெண்கலம், தங்கம் என்று படிகள் உண்டு. உள்ளே 300 வாட் தேவைப்பட்டால், 75 சதவீதப் பெட்டி சுவரிலிருந்து 400 வாட் இழுக்கும். 90 சதவீதப் பெட்டி 333 வாட்டோடு நிற்கும். தினம் நான்கு மணி நேரம் என்றால் மாதம் சுமார் 8 யூனிட் மிச்சம். ஆனால் இந்த முத்திரை சிக்கனத்துக்கு மட்டுமே சாட்சி, பாதுகாப்புக்கு அல்ல. அதிகச் சுமை, அதிக மின்னழுத்தம், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றின்போது தானே அணைந்துகொள்ளும் ஏற்பாடு உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கேபினெட் வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்பார்கள். எந்தச் சரக்கு இன்னொன்றின் வாலில் கட்டப்பட்டு வரும் என்பது வணிகர்களாகிய நமக்குத் தெரியாததா? 2021-இல் கிராபிக்ஸ் கார்டுக்கு உலகமெங்கும் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவின் நியூஎக் என்ற இணையக் கடை கார்டுகளை வேறு பொருள்களோடு சேர்த்து விற்றது. அப்படிச் சேர்த்து விற்றவற்றில் ஜிகாபைட் நிறுவனத்தின் 750 வாட் பெட்டி ஒன்றும் இருந்தது. வாங்கியவர்கள் பழுதுப் புகார்களை எழுப்பினர். கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற சோதனைக் குழுவினர் ஆராய்ந்தபோது சில பெட்டிகள் வெடித்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜிகாபைட், பாதுகாப்பு அணைப்பின் வரம்பைக் குறைத்ததாக அறிவித்து, குறிப்பிட்ட வரிசை எண் உள்ளவற்றைத் திரும்பப் பெற்று மாற்றித்தர முன்வந்தது. பெயர் பெற்ற கம்பெனி என்பதற்காகவும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. மாடல் எண்ணைக் கேட்டு, அதே மாடலைப் பிரித்துச் சோதித்தவர்கள் சொல்வதைப் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். 600 வி.ஏ. யூ.பி.எஸ். என்பது 600 வாட் அல்ல. பலவற்றில் 360 வாட் அளவே கிடைக்கும். பில்லையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பெட்டியை மட்டும் பிள்ளை ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

கடைசியாக, கணிப்பொறிக் கடை நடத்தும் நம் சக வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொட்டலப் பொருள்களுக்கான விதியில், உறையின் எடையைச் சேர்க்காமல் நிகர எடையைத்தான் அச்சிட வேண்டும் என்று இருக்கிறது. கால் கிலோ சீரகத்துக்கு நாங்கள் அதற்குக் கட்டுப்படுகிறோம். தராசுக்கு முத்திரை போடாவிட்டால் அபராதம் கட்டுகிறோம். வாட் என்பதும் ஓர் அளவைதான். 12 வோல்ட்டில் உண்மையாக எத்தனை வாட் என்பதை விலைப்பட்டியலில் எழுதிப் போடுங்கள். ஒரு கடையில் ஏமாந்த பிள்ளை அந்தக் கடையை மட்டும் குறை சொல்வதில்லை. கடைக்காரன் என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை கைபேசியில் ஆர்டர் போடுகிறான். அந்த நஷ்டம் மளிகைக்காரனான எனக்கும் சேர்த்துத்தான்.