மயிலுக்குப் போர்வை

வள்ளல் என்ற பட்டத்தின்மீது எனக்கு வெகு நாளாகவே சந்தேகம் உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான பேகனைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை எடுத்துப் போர்த்தினானாம். ஆசிரியர் உருகினார், நாமும் உருகினோம். இறகுள்ள பிராணிக்குப் போர்வை எதற்கு ஐயா என்று ஒரு மாணவனாவது கேட்டதுண்டா?

அதே புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ள பாட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியோடு வாழ்கிறான். (சிலப்பதிகாரத்துக் கண்ணகி அல்ல, அந்தப் பெயருக்கே இப்படியொரு தலையெழுத்துப் போலும்!) கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காக அவனிடம் வாதாடுகிறார்கள். அழுதுகொண்டு நின்றவளிடம் ‘நீ பேகனுக்கு உறவா?’ என்று பரணர் விசாரிக்கிறார். அவள் விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, உறவில்லை என்கிறாள். கட்டிய மனைவியின் வாயிலிருந்து வந்த பதில் அது!

அடுத்த பாட்டைப் பரணர் மயிலின் போர்வையைச் சொல்லியே தொடங்குகிறார். பசித்து வரவில்லை, தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதே நாங்கள் கேட்கும் பரிசில் என்கிறார். புகழ்ச்சி என்று படிப்பவர்கள் படிக்கட்டும். என் காதில் அது சாட்டையடியாகத்தான் விழுகிறது.

குளத்து நீரில் தன் முகத்தைக் கண்டு மயங்கி, அங்கேயே கிடந்து மாண்ட நார்சிசஸின் கதையைக் கிரேக்கர்கள் சொன்னார்கள். அந்தப் பெயரில் விளங்கிய நோயைப் பற்றி பிராய்டு 1914-ல் தனிக் கட்டுரையே எழுதினார். தன்னைக் காதலிக்கிறவனுக்கு அடுத்தவர் எல்லாம் கண்ணாடி. மயில் நல்ல கண்ணாடி, எதிர்த்துப் பேசாது. மனைவிதான் பேசிவிடுகிறாள்.

நம் செம்பரம்பாக்கத்துக்கு வருவோம். 24 அடி ஆழத்துக்கு நீர் பிடிக்கும் ஏரி. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாற்றுக் கரை மூழ்கியது. மனிதர் விளைத்த பேரழிவு என்று 2018-ல் தணிக்கை அறிக்கையே சொல்லிற்று. அது ஒரு பக்கம் இருக்கட்டும். தத்தளித்தவர்களுக்காகத் தொண்டர்கள் கொண்டுவந்த நிவாரணப் பொருள்களில் அன்றைய முதலமைச்சரின் படத்தை ஒட்டச் சொல்லி ஆளுங்கட்சிக்காரர்கள் மிரட்டினார்கள் என்று புகார் எழுந்ததே, நினைவிருக்கிறதா? பசித்தவன் பொட்டலத்தைப் பிரிக்குமுன் ஒரு முகத்தைத் தரிசிக்க வேண்டுமாம்! கட்சி எது என்பது பெரிதல்ல. நாளைக்கு வேறொரு முகம் வரும், பசை அதேதான்.

பாண்டியன் நெடுஞ்செழியனிடம் குடபுலவியனார் இதை வேறு விதமாகச் சொன்னார். பெயர் நிலைக்க வேண்டுமா, பள்ளமான நிலத்தில் நீரைத் தேக்கு என்றார். மன்னனின் புகழாசையை அவர் கண்டிக்கவில்லை. அதைக் கொண்டுபோய் மண்வெட்டியில் பூட்டிவிட்டார். கெட்டிக்காரப் புலவர்!

மன்னர்களை மட்டும் திட்டுவானேன்? ஏரிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறார். ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச நோட்டுப் புத்தகம் கொடுப்பார். அட்டையில் அவர் கைகூப்பி நிற்கும் படம். அவர் மனைவியின் மூக்குக் கண்ணாடியில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டு எட்டு மாதம் ஆகிறது. “மாற்றக் கூடாதா அம்மா?” என்றேன்.

“அவர்கிட்டே இரண்டு தடவை சொன்னேன் தம்பி. விழா முடியட்டும்னார்” என்றார் அந்த அம்மாள்.

விழா முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு அட்டையில் படத்தை இன்னும் பெரிதாகப் போட வேண்டுமென்று அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாராம்.