சர்க்கரையை நிறுத்தினால் கேன்சர் பட்டினி கிடக்குமா? வாட்ஸ்அப் சொல்வதில் எது உண்மை?

கேன்சர் என்று ரிப்போர்ட் வந்ததுமே பல வீடுகளில் சர்க்கரை டப்பா ஒளிந்துகொள்கிறது. ஸ்ரீரங்கத்தில் கூடாரவல்லிக்கு அக்காரவடிசல் செய்தாலும் நோயாளிக்கு ஒரு கரண்டி கிடையாது. சோறு, பழம்கூட கட். "சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி" என்று சுற்றும் வீடியோக்கள்தான் காரணம். அதில் பாதி உண்மை.

எந்தப் பாதி?

புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுக்கும். ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே இதைக் கவனித்தார். பெட் ஸ்கேனுக்கு முன் குளுக்கோஸ் மாதிரியான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுவதும் இதனால்தான். அதிகம் இழுக்கும் இடம் படத்தில் பளிச்சென்று தெரியும்.

குளுக்கோஸ் வெறும் எரிபொருள் இல்லை. அது உடையும்போது செல்லுக்குள் அசிட்டைல் கோ-ஏ உருவாகிறது. அதிலிருக்கும் அசிட்டைல் துண்டு, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் போய் ஒட்டும். சுற்று தளரும், அங்குள்ள ஜீன் வேலையைத் தொடங்கும். அது வளர்ச்சிக்கான ஜீன் என்றால் செல் பெருகும். புரத உணவு, கீரையிலுள்ள ஃபோலேட் வழியாக வரும் மெத்தில் துண்டு பெரும்பாலும் நேர் எதிர்: டி.என்.ஏ.வில் ஒட்டி ஜீனை அணைக்கும். கேன்சரைத் தடுக்கும் ஜீனே இப்படி அணைந்துபோவதும் உண்டு.

அப்போ பட்டினி போடலாமா?

கூடாது. சர்க்கரையைத் தொடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்கும், தசையைக் கரைத்தாவது. எடை இறங்கிய உடம்பு கீமோவைத் தாங்காது, தேதி தள்ளிப்போகலாம். அரியலூர், பெரம்பலூரிலிருந்து திருச்சி அரசு மருத்துவமனைக்கு பஸ் ஏறி வருபவருக்கு அது இன்னொரு நாள் கூலியும் போச்சு என்று அர்த்தம்.

சத்தின் பாதையை அடைக்க மருந்து இருக்கிறது. அதில் நம்ம ஊர்த் தொடர்பும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, ஃபோலிக் ஆசிட் போலவே வேஷம் போட்டு செல்லை ஏமாற்றும் அமினோப்டெரினை உருவாக்கியது. பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என 1948-ல் எழுதினார். அதன் தம்பி மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் சிகிச்சையில் இருக்கிறது.

அதை எடுத்துக்கொள்பவர்கள், "சத்து மாத்திரைதானே" என்று ஃபோலிக் ஆசிட்டை டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. நீரிழிவும் சேர்ந்து இருந்தால் சர்க்கரைக் கட்டுப்பாடு வேறு கணக்கு. அதை டாக்டரும் உணவு நிபுணரும்தான் முடிவு செய்ய வேண்டும்.