சீட் கிடைத்துவிட்டது, பிறகு?

போன மே மாதம் அக்கா போனில் கேட்டாள். "டேய், அமெரிக்காவுல ஆட்டிசம் இருக்குற பசங்களுக்குன்னே நல்ல நல்ல காலேஜ் இருக்காமே. எது பெஸ்ட்டுன்னு பாத்துச் சொல்லேன்."

அக்கா மகன் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தான். தினமும் பேப்பர் வந்ததும் மேட்டூர், பவானிசாகர், வைகை அணைகளின் நீர்மட்டத்தை நோட்டில் எழுதிவைப்பான். ஏழு வருஷ நோட்டுகள் பீரோவில் இருக்கின்றன. பி.எஸ்சி. புவியியல் படிக்க வேண்டும் என்கிறான். அமெரிக்கா அனுப்பப் பணமில்லை என்பது எனக்குத் தெரிந்ததைவிட அக்காவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உள்ளூரில் அவள் ஏறி இறங்கிய கல்லூரிகளில் ஒன்றில், "ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்கம்மா" என்றார்கள். இன்னொன்றில், "சீட் தர்றோம், ஆனா ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்லன்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றார்கள். இதற்குப் பிறகு ஒரு அம்மா அமெரிக்காவைப் பற்றிக் கேட்காமல் வேறென்ன கேட்பாள்?

சரி என்று உட்கார்ந்து பார்த்தேன். பட்டியல்கள் கொட்டிக்கிடக்கின்றன. மேற்கு வர்ஜீனியாவின் மார்ஷல் பல்கலைக்கழகம் 2002லேயே ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கென ஓர் ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகம் 2008இல் தொடங்கியது. டென்னசி பல்கலைக்கழகத்தின் சாட்டனூகா வளாகத்தில் இதை மதிப்பெண்ணுள்ள ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள். பிலடெல்பியாவின் டிரெக்ஸலில் சக மாணவர்களே வழிகாட்டிகள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் வாசல் திறந்திருக்கிறது. 2008இல் வந்த உயர்கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பில் சேராமல் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் சேர்பவர்களும் அரசு உதவித்தொகை பெறலாம். இப்படிப்பட்ட திட்டங்கள் இன்று அங்கே 300க்கும் மேல்.

பெருமூச்சு விட்டபடி படித்துக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றேன். இந்தப் பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் அப்படி என்னதான் செய்கின்றன? வாரம் ஒருமுறை ஒருவர் மாணவனோடு உட்கார்ந்து, அடுத்த வாரம் எதை எப்போது முடிக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுக்கிறார். ஹாஸ்டல் கூட்டத்தால் நிரம்பும் முன், சில நாள் முன்னதாகவே வரச்சொல்லி வகுப்பறை, மெஸ், லைப்ரரி எல்லாவற்றையும் நடந்து காட்டுகிறார்கள். பரீட்சை எழுதச் சத்தமில்லாத அறை தருகிறார்கள். ஒரு சீனியர் துணையாக இருக்கிறார். பேராசிரியரிடம் எப்படி மின்னஞ்சல் எழுதுவது, குரூப் பிராஜெக்ட்டில் வேலை செய்யாதவனிடம் என்ன சொல்வது என்று பேசிப் பழக்குகிறார்கள். அவ்வளவுதான். இதில் ராக்கெட் விடுவதற்கு ஒன்றுமே இல்லை.

இதற்குத்தான் பல இடங்களில் கல்விக் கட்டணத்துக்கு மேல், செமஸ்டருக்கு ஆயிரக்கணக்கான டாலர் தனியாக வாங்குகிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குக் காசு கேட்கக் கூடாது. ஆனால் வாராவாரம் ஒருவர் உட்கார்ந்து பேசுவது 'தனிப்பட்ட சேவை'. அதைத் தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அதனால் விலை வைக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புவரை குழந்தையைக் கண்டறிந்து திட்டம் போடுவது பள்ளியின் கடமை. கல்லூரி வாசலைத் தாண்டியதும் அந்தக் கடமை முடிந்துவிடுகிறது. இனி மாணவனே போய், எனக்கு இந்தக் குறைபாடு, இந்த உதவி வேண்டும் என்று கேட்க வேண்டும். போய்க் கேட்பதுதான் சிரமம் என்பவனிடம், வந்து கேள் என்கிறார்கள். 'முன்னணித் திட்டம்' என்ற பட்டியலை வியந்து படிக்கும் நாம் இதைப் பார்ப்பதில்லை. அது பெரும்பாலும் பணமுள்ள அப்பா அம்மாவுக்கான பட்டியல்.

அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபோது, என் கல்லூரி ஞாபகம் வந்தது. 

நான் படித்த பொறியியல் கல்லூரியில், எங்கள் ஹாஸ்டலில் ஒருவன் இருந்தான். அவனுக்கு 'கால்குலேட்டர்' என்று பெயர் வைத்தோம். வைத்தவர்களில் நானும் ஒருவன். மெஸ்ஸில் எவர்சில்வர் தட்டுகள் மோதும் சத்தம் அவனுக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொள்வான். அதற்காகவே அவன் பக்கத்தில் போய்த் தட்டைப் போடுவார்கள். நான் போட்டதில்லை, ஆனால் சிரித்திருக்கிறேன். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் எனக்குப் புரிந்ததே அவன் சொல்லித்தந்துதான். அதே பாடத்தின் லேப் பரீட்சையில், வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல், "என்னப் பாத்துப் பேசுய்யா, தரையில என்ன எழுதிருக்கா?" என்று கேட்க, அவன் வாயே திறக்கவில்லை. பெயில். அடுத்துப் போன நான் தெரியாததையெல்லாம் தெரிந்த மாதிரி அடித்துவிட்டு, நல்ல மார்க்கோடு வெளியே வந்தேன். மூன்றாம் வருடம் அரியர்கள் சேர்ந்துபோய், ஒரு நாள் அவன் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவனுக்கு ஆட்டிசமா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் சீட்டு இருந்திருந்தாலும் எங்கள் கல்லூரியில் யாரிடம் போய்க் கொடுத்திருப்பான்? வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே.

இதைச் சொன்னால் உடனே இரண்டு பதில்கள் வரும்.

முதலாவது, "இப்படியெல்லாம் சலுகை குடுத்தா தரம் என்ன ஆவுறது?" எந்தத் தரம்? அன்றைக்கு அந்த லேப்பில் அளக்கப்பட்டது சிக்னல்ஸ் அறிவா, கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லும் தைரியமா? வைவா கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, பதிலை எழுதி வாங்கியிருந்தால் பாடத்தில் ஒரு வரிகூடக் குறைந்திருக்காது. என் மார்க்தான் குறைந்திருக்கும்.

இரண்டாவது, "வெளி உலகம் இப்படி இருக்காதே, இப்பவே பழகிக்கட்டும்." அந்த வெளி உலகத்தில் பத்து வருஷத்துக்கு மேலாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வரும் ஒவ்வொரு வேலையும் டிக்கெட்டாக எழுதி வருகிறது. கோடில் தப்பு இருந்தால் கமென்ட்டாக எழுதிச் சொல்கிறார்கள். சத்தம் தாங்காவிட்டால் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறேன். மீட்டிங்கில் கேமராவை அணைத்து வைக்கிறேன். சந்தேகத்தை அடுத்த மேசைக்காரனிடம்கூட சாட்டில்தான் கேட்கிறேன். யாரும் என்னை மாற்றுத்திறனாளி என்று சொல்வதில்லை. இவற்றில் பாதி கிடைத்திருந்தால் 'கால்குலேட்டர்' டிகிரி முடித்திருப்பான். எங்கள் துறை இதை வேறு வழியிலும் ஒப்புக்கொண்டுவிட்டது. எஸ்.ஏ.பி. 2013இலும் மைக்ரோசாப்ட் 2015இலும் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கத் தனித் திட்டம் தொடங்கின. வழக்கமான இன்டர்வியூ, ஆளை எடைபோடாமல் பேச்சை எடைபோடுகிறது என்று அவர்களுக்கே தெரிந்துபோயிற்று.

ஆனால் இந்த இடத்தில் எனக்கு ஒரு பயமும் உண்டு. கம்பெனிகள் இப்படிச் செய்ததும், "ஆட்டிசம்னா ஜீனியஸ்" என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. என் அக்கா மகனுக்கு கோடிங் பிடிக்காது. அணை நீர்மட்டத்தை எழுதுவதால் அவன் ஐன்ஸ்டீனும் கிடையாது. எழுபது மார்க் வாங்குகிற, புவியியல் பிடித்த ஒரு பையன். சுமாராகப் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கல்லூரியில் இடம் இருக்கும்போது, இவன் மட்டும் ஏன் அதிசயமாக இருந்தாக வேண்டும்? அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையிடம் போய் எந்த ஜீனியஸைத் தேடுவீர்கள்?

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1995 சட்டத்தில் குறைபாடுகள் ஏழுதான், ஆட்டிசம் அதில் கிடையாது. 2016 சட்டத்தில் 21 ஆனது, ஆட்டிசம் வந்தது, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும் வந்தது. தனிநபர் தேவைக்கேற்ற வசதிகளை அந்தச் சட்டம் பேசுகிறது. 2021இல் விகாஸ் குமார் வழக்கில், அந்த வசதியை மறுப்பதே பாகுபாடு என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் இதையெல்லாம் செய்யும்படி அரசு 'முயல வேண்டும்' என்கிறது சட்டத்தின் 16ஆம் பிரிவு. முயற்சி பண்ணினோம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆக, கைக்குக் கிடைப்பது ஒரு நாற்காலி. அதில் நான்கு வருஷம் உட்கார வைக்க ஆளில்லை.

ஏ.சி. ஹாஸ்டலுக்கும் பிளேஸ்மென்ட் விளம்பரத்துக்கும் செலவழிக்கிற கல்லூரிகளுக்கு, ஒரு முழுநேர ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் தாங்காதா? ஒரு காலி வகுப்பறையைப் பரீட்சைக்கு ஒதுக்க எத்தனை கோடி வேண்டும்? அமெரிக்காவில் அதற்கு விலை வைத்துவிட்டார்கள். இங்கே இன்னும் ஆரம்பிக்கவேயில்லை என்பதால், விலையில்லாமல் ஆரம்பிக்கிற வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

அக்காவிடம் அமெரிக்கப் பட்டியலைக் கொடுக்கவில்லை. நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். இவனுக்கு ஒரு பிரச்சினை என்றால் யாரைப் பார்க்க வேண்டும், பெயர் என்ன? வைவாவை எழுதிப் பதில் சொல்லலாமா? பரீட்சைக்குத் தனி அறை உண்டா? பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறவனை என்ன செய்வீர்கள்?

ஜூனில் நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். மூன்றாவதாகப் போன கல்லூரியில் துறைத் தலைவர் அம்மா கேள்விகளைப் படித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எதுவுமே இங்க இல்லீங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார். பிறகு பேனாவை எடுத்து, முதல் கேள்விக்கு நேராகத் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதினார். அங்கேதான் சேர்த்திருக்கிறோம். மற்ற மூன்றுக்கும் இன்னும் பதில் வரவில்லை. மாதம் ஒருமுறை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் இருப்பீர்கள். உங்கள் கல்லூரியில் இந்த நான்குக்கும் என்ன பதில்?