எதிர்ப்பு சக்தி என்ன தண்ணித் தொட்டியா, மோட்டார் போட்டு ஏத்த?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. படிச்சதைச் சொல்றேன். மருந்துக்கு உங்க டாக்டரைப் பாருங்க.

போன வாரம் எதிர்வீட்டு மாமா கையில் ஒரு டப்பாவோடு வந்தார். 'நோய் எதிர்ப்பு சக்தியைப் பல மடங்கு பெருக்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "நீயும் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோடா, ஸ்ரீரங்கம் பூரா காய்ச்சல்" என்றார். சொல்லும்போதே ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்திருந்தார். கட்டைவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. கௌட். ராத்திரி போர்வை பட்டால்கூட அலறுகிறார்.

எனக்குக் கோபம் மாமா மேல் இல்லை, அந்தக் கொட்டை எழுத்தின் மேல்.

'சக்தி' என்றதும் நாம் தொட்டியில் தண்ணி மட்டம் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். குறைஞ்சா ஏத்தணும், அவ்வளவுதான். ஆனால் உடம்பின் முதல் வேலையே ஆள் அடையாளம் பார்ப்பதுதான். அதற்காகப் பிறவியிலேயே வரும் ஏற்பிகள் நம் செல்களின் மேலும் உள்ளேயும் இருக்கின்றன. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நிற்கும் போலீஸ்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். திருடனின் பேரும் ஊரும் அவருக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு எவனாவது ஏணி போட்டு மதில் ஏறினால் விசில் அடித்துவிடுவார். இந்த ஏற்பிகளும் அப்படித்தான். தனித்தனிக் கிருமியைத் தெரியாது. கிருமிக் கூட்டத்துக்கே பொதுவான சரக்கைத் தெரியும். டி.எல்.ஆர்.4 சில பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் ஒரு பொருளைப் பிடிக்கும். டி.எல்.ஆர்.7 வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும்.

இப்படி ஒரு ஏற்பாடு இருந்தே ஆகணும் என்று 1989இல் சார்லஸ் ஜேன்வே சொன்னார். 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, 'டோல்' என்ற மரபணு கெட்டுப்போன பழ ஈயைப் பூஞ்சை தின்றுவிடுகிறது என்று காட்டியது. 1998இல் புரூஸ் பியூட்லர் குழு எலியில் டி.எல்.ஆர்.4இன் வேலையைக் கண்டுபிடித்தது. 2011 மருத்துவ நோபலில் இந்த ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு.

இப்போ மாமாவின் விரலுக்கு வருவோம். அதில் ஒரு கிருமியும் இல்லை. யூரிக் அமிலம் ஊசி ஊசியாய்ப் படிந்திருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் என்.எல்.ஆர்.பி.3 என்ற காவலாளி அதைப் பார்த்து 'ஆபத்து' என்று விசில் அடிக்க, படை திரண்டு வந்து விரலைப் புரட்டி எடுக்கிறது. இதை 2006இல் கண்டுபிடித்தார்கள். ஆக, மாமாவை அலற வைப்பதே அந்த எதிர்ப்பு சக்திதான். இதையா பல மடங்கு பெருக்கணும்?

இன்னும் நேரடியான சாட்சி வேணுமா? டி.எல்.ஆர்.7ஐயே எடுத்துக்கொள்வோம். 2020இல் நெதர்லாந்தில் ரெண்டு குடும்பங்களில், அதுவரை ஆரோக்கியமாக இருந்த நாலு இளைஞர்கள் கடும் கோவிட்டில் விழுந்தார்கள், ஒருவர் இறந்தார். நாலு பேருக்கும் இந்த ஏற்பியின் மரபணு பழுது. சரி, அப்போ ஏத்தி விட்டா நல்லதுதானே என்பீர்கள். இயற்கையே ஒரு சிறுமிக்கு ஏத்தி விட்டிருந்தது. ஸ்பெயினைச் சேர்ந்த அந்தக் குழந்தையின் டி.எல்.ஆர்.7 மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறி, ஏற்பி அளவுக்கு மீறி முறுக்கேறி, சொந்த உடம்பின் சரக்கையே எதிரி என்று விசில் அடித்தது. விளைவு லூபஸ். 2022இல் வெளிவந்த ஆய்வு இது. அதே ஏற்பி, குறைஞ்சாலும் வம்பு, கூடினாலும் வம்பு.

2020இல் தெருவுக்குத் தெரு எதிர்ப்பு சக்தி விற்றார்களே, ஞாபகம் இருக்கா? அதே ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு என்ன சொன்னது? வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் சாவை டெக்ஸாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அது எதிர்ப்பை ஏற்றும் மருந்தில்லை, அடக்கும் மருந்து! ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. கட்டுப்படாத சர்க்கரையும் கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்து 2021இல் கருப்புப் பூஞ்சையைக் கொண்டுவந்ததையும் பார்த்தோம். ஏத்தறதோ அடக்கறதோ, யாருக்கு, எப்போ, எவ்வளவு என்பதுதான் கேள்வி. டப்பாவில் அதற்கு பதில் இருக்கா?

"அப்போ நம்ம ஊர் மருந்தைக் குறை சொல்றியா?" என்று சிலர் கிளம்புவார்கள். ஐயா, கோயிலுக்குள்ளேயே தன்வந்திரிக்கு சன்னதி இருக்கிற ஊர்க்காரன் நான். என் கேள்வி எல்லா மருந்துக்கும் பொதுவானது. அப்படிச் சோதித்ததும் நம்ம தமிழ்நாட்டில்தான். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு பி.சி.ஜி. ஊசியோ வெற்று ஊசியோ போட்டு, 15 வருஷம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று வந்தது. மறைக்காமல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுப்பதால் அந்த ஊசியை இன்றும் போடுகிறோம். இங்கிலீஷ் மருந்தானாலும் இதுதான் நியாயம். அந்த டப்பாக்காரர் எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்? பெருகியது என்று எதை அளந்தார்?

மாமாவிடம் இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, முந்நூறு ரூபா குடுத்திருக்கேனே" என்றார். டாக்டரிடம் அழைத்துப் போனேன். வீக்கத்தை அடக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூணாம் நாள் மாமா செருப்புப் போட்டு நடந்தார். டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது.

பி.கு: உங்க ஊர் டப்பாக்களில் என்ன எழுதியிருக்கு? பின்னூட்டத்தில் போடுங்க மக்களே, ஒரு தொகுப்பே போட்டுடலாம் :-)