இரண்டாவது துளை

இந்த வாரம் எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை பெட்ரோலைப் பற்றியவை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இனி எங்கும் என்றான பிறகு, பழைய மோட்டார் சைக்கிள்களை வைத்துக்கொண்டிருப்பவர்களின் கதி என்ன என்று அன்பர்கள் கவலையோடு கேட்டிருக்கிறார்கள். 2030-ஆம் ஆண்டுக்கென்று முதலில் குறித்திருந்த இலக்கை அரசாங்கம் முன்னே இழுத்து, 2025-லேயே எட்டிவிட்டது. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முன் வார்த்தெடுத்த பித்தளையும் ரப்பரும் தக்கையும் அந்த அவசரத்தை அறியா. இவ்விஷயத்தில் என் அபிப்பிராயத்தை விஸ்தாரமாக எழுதுவதென்று உட்கார்ந்தேன்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும் சுபாவம் உடையது. வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்தால், தொட்டியில் சேரும் நீரோடு கூடி அடியில் தங்கித் துருவுக்கு வழி செய்யும். பழைய ரப்பர்க் குழாய்களை உப்பச் செய்யும். தொட்டியின் உட்சுவரில் பல வருஷங்களாகப் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியில் சேர்க்கும். இவையெல்லாம் மெய். ஆகையால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குழாய்களைப் புதிதாக மாற்றிவிட்டு, வாரம் ஒரு முறையாவது வண்டியை ஓட்ட வேண்டும். இவ்வளவும் எழுதிய பிறகு, எத்தனாலின் மேல் நானே ஓர் அபாண்டமான பழியைச் சுமத்தவிருந்த சம்பவம் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் இடம் தரவில்லை.

நான் ஓட்டுவது என் மாமனாருடைய புல்லட் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியாரும் மதராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கூடி ஆரம்பித்த தொழிலின் பயனாகத் திருவொற்றியூரில் பிறந்த வண்டி அது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட ஒற்றை சிலிண்டர், 346 சி.சி. அதில் பெட்ரோல் பம்பு என்று ஒன்று கிடையாது. மேலே தொட்டி, கீழே கார்புரேட்டர், நடுவில் பெட்ரோலைத் திறந்து மூடும் ‘காக்’ ஒன்றும், ஒரு முழத்துக்கும் குறைந்த குழாயும். பெட்ரோல் தன் சொந்த எடையால் இறங்கி வரும், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை கழிந்த மறு வாரம், உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை இன்னொரு முறை பார்த்துவர வேண்டுமென்று காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டேன். பூஜைக்குப் பிறகு அதுவரை வண்டியைக் கடைத்தெருவுக்கு மேல் ஓட்டியதில்லை. தொட்டியும் பாதிக்குக் கீழேதான் இருந்தது. அன்று காலையில் அதைக் கழுத்து முட்ட நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். ஆறு கிலோமீட்டர் போனதும் வண்டி இருமிற்று, மூச்சுத் திணறுவதுபோல இரண்டு மூன்று முறை இழுத்தது, நின்றுவிட்டது. பத்து நிமிஷம் புளியமர நிழலில் காத்திருந்துவிட்டு உதைத்தேன்; ஒன்றுமே நடவாததுபோல முதல் உதையிலேயே கிளம்பிற்று. இன்னும் மூன்று கிலோமீட்டர் சென்று, மறுபடியும் அதே இருமல், அதே மௌனம்.

இவ்விடத்தில் என் நெடுநாளைய ஆதங்கம் ஒன்றை, முன்பே பல தடவை எழுதியிருக்கிறேன் என்றாலும், மீண்டும் எழுதத்தான் வேண்டும். பெட்ரோல் கோளாறு என்ற சந்தேகம் தோன்றிய மாத்திரத்தில் கார்புரேட்டரில் கை வைப்பது நம் ஊர்களில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வழியில் இருந்த ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டினேன். அங்கிருந்த இளைஞர், விஷயத்தை முழுவதும் கேட்பதற்கு முன்னரே, "புது பெட்ரோல் சார், எத்தனால். பழைய கார்புரேட்டர் தாங்காது. மாத்திடலாம்," என்று ஸ்பானரை எடுத்துவிட்டார். கார்புரேட்டர் என்பது மிக நுண்ணிய துளைகளை வைத்துக் காற்றையும் பெட்ரோலையும் சரியான விகிதத்தில் கலக்கும் நுட்பமான கருவி. அதன் ஜெட்டில் அடைப்பை எடுக்கிறேன் என்று கம்பியை விட்டுக் குத்தினால், அந்தப் பித்தளைத் துளை ஒரு மயிரிழை அகன்றாலும் விகிதம் கெட்டுவிடும். ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும். குற்றமற்ற கார்புரேட்டரைப் பிரித்துப் புதிய குற்றங்களை உண்டாக்குவது, நடக்கத் தெரிந்தவனைக் கட்டிலில் கிடத்தி வைத்தியம் செய்வதற்குச் சமானம். வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, வண்டி தானாகக் குணமடைந்ததும் மேலே சென்றேன்.

மூன்றாம் முறை நின்றது ஒரு கிராமத்து மளிகைக் கடைக்கு எதிரே. அங்கேதான் முறைப்படி சோதிக்க ஆரம்பித்தேன். சூடேறியபின் நின்று, ஆறியபின் கிளம்பும் வண்டியில் சந்தேகிக்க வேண்டியது பெட்ரோல் மட்டுமல்ல. காயிலோ கண்டென்சரோ பழுதுபட்டாலும் இதே லக்ஷணம்தான். ஆனால் மின்சாரக் கோளாறு பெரும்பாலும் விளக்கை அணைத்தாற்போலத் திடீரென நிறுத்தும். பெட்ரோல் கோளாறோ இருமித் தேய்ந்து நிறுத்தும். பிளக்கைக் கழற்றி சிலிண்டர்த் தலைமேல் வைத்து உதைத்தேன். நீலப்பொறி நன்றாகவே தெறித்தது. பிளக்கின் முகம் பிஸ்கட் நிறத்தில் இல்லாமல் வெளுத்து உலர்ந்திருந்தது. ஆகவே பட்டினிதான் வியாதி. ஆனால் உணவு எங்கே தடைப்படுகிறது? குழாயைக் கார்புரேட்டரிலிருந்து உருவி ஒரு சோடா பாட்டிலுக்குள் விட்டு காக்கைத் திறந்தேன். முதலில் சுமாராக வந்தது; பிறகு நூலாயிற்று; பிறகு சொட்டாயிற்று. காக்கின் வடிகட்டியில் குப்பையோ என்று எண்ணிக்கொண்டிருக்கையில், சற்று நேரத்தில் மறுபடியும் வழிந்தது. வைத்தியர் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஜுரம் இறங்கிவிடும் நோயாளியைப்போல, அது என் பரிசோதனைக்கெல்லாம் பிடி கொடாமல் நழுவிற்று.

களைத்துப்போய்க் கடைத் திண்ணையில் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மாள் அப்போது ஒரு புதிய 15 கிலோ எண்ணெய் டின்னை உடைத்துக்கொண்டிருந்தார். டின்னின் மேல்தகட்டில், ஒரு மூலையில் ஆணியை வைத்து அம்மிக்குழவியால் ஒரு தட்டு, துளை விழுந்தது. பிறகு டின்னைச் சாய்க்காமல், நேர் எதிர் மூலையில் ஆணியை வைத்து இன்னொரு தட்டு. அதன் பிறகே சாய்த்தார். கடலையெண்ணெய் ஒரு பொன்னிறச் சரடாக, ஒரு துளும்பலும் இல்லாமல், படியில் இறங்கிற்று.

"ஊத்துறதுக்கு ஒரு ஓட்டை போதாதாம்மா?" என்று கேட்டேன்.

"எப்படி ஐயா போதும்? காத்து உள்ள பூந்தாதானே எண்ணெ வெளிய வரும்? ஒத்த ஓட்டைன்னா குபுக்கு குபுக்குன்னு நாலு சொட்டு வந்துட்டு நின்னுடும்," என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

நான் எழுந்துபோய்ப் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று நீண்ட ஓர் ஒலி கேட்டது. நெடுநேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை ஒரு ஜீவன் உள்ளே இழுத்துக்கொண்டதுபோல இருந்தது. மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆயுத பூஜையன்று நானே பக்தியோடு இட்ட சந்தனம், அதன்மேல் குங்குமம், இரண்டும் காய்ந்து ஓடாகி, நடுவிலிருந்த குண்டூசித் தலையளவு துளையைச் சுத்தமாக அடைத்திருந்தன. அந்த அம்மாள் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கொடுத்தார். அதன் நுனியால் சந்தனத்தைக் குத்தி எடுத்தேன். துளை வழியே ஆகாயம் தெரிந்தது.

அதற்கப்புறம் எல்லாம் விளங்கிற்று. நம் மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் வெளிக்காற்று ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. தொட்டியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இறங்கும் பெட்ரோலின் அழுத்தமோ அதில் அறுபதில் ஒரு பங்குதான். துளை அடைபட்டுவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளிருக்கும் காற்று விரிந்து மெலிகிறது; அந்த அறுபதில் ஒரு பங்கு மெலிந்ததுமே பெட்ரோல் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. பாதித் தொட்டியில் விரிவதற்குக் காற்று நிறைய உண்டு, ஆகவே கடைத்தெருப் பிரயாணங்களுக்கு அது தாராளமாகப் போதுமாயிருந்தது. கழுத்து முட்ட நிரப்பிய தொட்டியிலோ காற்று மிகக் குறைவு, ஆகவே சீக்கிரம் நின்றது. மூடியின் ரப்பர் விளிம்பு வழியே காற்று மெல்லக் கசிந்து நுழைந்ததும் கிளம்பிற்று. புதுப் பெட்ரோல் போட்ட அன்றே கோளாறு தொடங்கியதற்குக் காரணம் அந்தப் பெட்ரோலின் குணமல்ல, அதன் அளவு. எத்தனால் நிரபராதி.

சிவன் கோயிலில் தாராபாத்திரத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் இல்லை. அடியில் சிறு துளை. அதிலிருந்து இராப்பகலாக லிங்கத்தின் மேல் நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதன் வாய் திறந்திருப்பதால்தான் அடி சொட்டுகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று யாராவது அதன் வாயை இறுக மூடினால், சற்று நேரத்தில் அபிஷேகம் நின்றுபோகும். தருகிற துளையைத்தான் நாம் எப்போதும் பார்க்கிறோம், பழுது வந்தாலும் அதையே குடைகிறோம். வாங்கிக்கொள்கிற துளையை யாரும் நினைப்பதில்லை. நான் அதை அலட்சியத்தால் மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, மரியாதையாலேயே அடைத்தேன். வண்டியில் மிக உயர்ந்த இடம் என்று தேடி, அதன் மூச்சுக்குழியின் மேலேயே சந்தனத்தை அப்பினேன். போற்றுவதற்கு முன்னால், போற்றப்படுவது எதனால் மூச்சு விடுகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். அறியாத பக்தி பழுதைத்தான் தரும்.

ஆகையால் பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வண்டி இருமி நின்றால் முதலில் தொட்டி மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள், பிறகு காக், பிறகு வடிகட்டி, பிறகு குழாய், கார்புரேட்டருக்குக் கடைசியில் போங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்று என்றைக்கும் தெரியாது. அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை முன்விளக்கின் நெற்றியில் இடுங்கள். நானோ அன்று துளையைத் திறந்தபின், அதே பெட்ரோலில், அதே கார்புரேட்டரில், இடையில் ஒரு முறைகூட நிற்காமல் உத்திரமேரூர் போய்ச் சேர்ந்தேன்.